பியூலா டெம்ப்ளேட்

தரணீதரன் சமையலறைத் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். விரலை மடக்கி டைல்ஸைத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு தலையை இடப்பக்கம் சரித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொட்டியின் அடியை வெகுநேரம் பார்த்தான்.

"என்னங்க தேடறீங்க?" என்றாள் கோகிலவாணி.

"ஒண்ணுமில்ல, சும்மா."

சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் ஒரே கட்டுமானக் கம்பெனியில், ஒரே சைட்டில் வேலை பார்த்தவர்கள். தரணி நடந்துகொண்டே பார்க்கிற ஆள். நின்று பார்ப்பதே அபூர்வம், குந்தி உட்கார்ந்து அடியில் பார்ப்பது அவன் சுபாவத்திலேயே கிடையாது. அதைவிட அவளை உறுத்தியது வேறொன்று. குந்துவதற்கு முன்னால் அவன் கை தோள்பக்கம் போய், அங்கே இல்லாத துப்பட்டாவை எடுத்துப் பின்னால் போட்டது.

யாரோ ஒரு பெண்ணின் பழக்கம் அவன் உடம்பில் ஏறி உட்கார்ந்திருந்தது.

வேறொரு மனைவியாக இருந்தால் இதைக் கண்டுபிடிக்க ஆள் வைத்துத் தேடியிருப்பாள். கோகிலாவுக்கு ஆபீஸ் போனால் போதும்.

முன்பெல்லாம் கட்டடச் சோதனைக்கு ஒரு தாள் இருக்கும். கம்பிகளின் இடைவெளி சரியா, கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை உறுதியா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பீளமேட்டில் இருந்த 'நிலைக்கல்' என்ற மென்பொருள் கம்பெனி அதை மாற்றியது. தேர்ந்த பரிசோதகர் ஒருவருக்குக் கண்ணாடியும் கைப்பட்டையும் மாட்டி ஒரு வாரம் கட்டடத்துக்குள் நடக்கவிடுவார்கள். அவர் எங்கே பார்க்கிறார், எங்கே தயங்குகிறார், எதைத் தொட்டுச் சந்தேகப்படுகிறார் என்று எல்லாம் பதிவாகும். அதுதான் டெம்ப்ளேட். எந்த ஊர் இன்ஜினீயரும் அதைக் கேட்டு வாங்கித் தன் கண்ணாடியில் போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி அவர் பார்வையை மெதுவாக இழுத்துப் போகும். கைப்பட்டை, தொட வேண்டிய இடத்தில் லேசாக அதிரும். கேட்டு வாங்கும் அந்த வாசலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். கேள்வி ஒரு வரியாக உள்ளே வரும். ஒரு மனிதரின் பார்வை வெளியே போகும்.

அந்த வாசலைக் கவனித்துக்கொள்வதுதான் கோகிலாவின் வேலை. கணவனும் மனைவியும் ஒரே கம்பெனியில் இருக்கக் கூடாது என்று பழைய முதலாளி சொன்னபோது, யார் விலகுவது என்ற பேச்சே வரவில்லை. அவள்தான் விலகினாள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இந்தக் குளிரூட்டிய அறையில் வந்து உட்கார்ந்தாள்.

அன்று ஆபீஸ் போனதும் வாசலின் கணக்கேட்டைத் திறந்து பார்த்தாள். தரணி வேலை பார்த்தது சரவணம்பட்டிப் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில். அந்த சைட்டுக்கு ஒதுக்கியிருந்தது பொதுவான டெம்ப்ளேட். ஆனால் தரணி அதைக் கேட்பதே இல்லை. நாள் தவறாமல் ஒரே ஒரு டெம்ப்ளேட்டைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தான். பியூலா. லீவு நாளிலும் பியூலா. கோகிலாவின் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்றும் பியூலா.

அன்று சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"பியூலா யாருங்க?"

அவன் முகம் ஒரு கணம் மாறியது. "அது ஒரு டெம்ப்ளேட் கோகி."

"டெம்ப்ளேட்டுக்கு எதுக்குங்க பொம்பளை பேரு?"

"நீதான அந்த ஆபீஸ்ல இருக்கற? பதிவு பண்ணுன ஆளு பேரைத்தான வெக்கறீங்க. அந்தம்மா மாதிரி பாக்கறதுக்கு ஆளே கெடையாது. நம்ம யாருக்கும் தோணாத எடத்துல போய் நிக்கும்."

'நம்ம யாருக்கும்' என்ற சொல் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தரணிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தூணின் நேர் பார்ப்பது எப்படி என்று அவள் பின்னாலேயே சுற்றியவன் அவன்.

"லீவு நாள்லயும் அந்தம்மா எதுக்குங்க?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

மறுநாள் ஆபீஸில் சோதனைக்கு வைத்திருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பியூலாவை வரவழைத்தாள். வெறும் சோதனைதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கண்ணாடி அவள் பார்வையைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனது. படிக்கட்டின் அடிப்பக்கம், சுவரும் கூரையும் சேரும் மூலை, புதுப் பூச்சின் கீழ் பழைய பூச்சு தெரிகிற விளிம்பு என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போனது. அழகாக இருந்த எதையும் அந்தப் பார்வை நம்பவில்லை. ஓர் இடத்தைப் பார்த்து முடித்து நகர்ந்த பிறகும் சட்டென்று திரும்பி, தான் நகர்ந்ததும் அங்கே ஏதாவது மாறிவிட்டதா என்று பார்த்தது. கழற்றி வைத்த பிறகும் கோகிலா தன் மேசையின் அடியை ஒருமுறை குனிந்து பார்த்தாள்.

இத்தனை நெருக்கமாக இன்னொருத்திக்குள் அவள் இருந்ததில்லை. தரணி தினமும் இதற்குள்தான் நடக்கிறான். ஒரு பெண்ணோடு அவன் டீ குடித்தான், சினிமா பார்த்தான் என்றால் கேட்டுச் சண்டை போடலாம். ஒரு பெண்ணின் கண்ணை வைத்துக்கொண்டு உலகத்தைப் பார்க்கிறவனிடம் எந்த வார்த்தையால் சண்டை போடுவது?

அந்த வாரமே, கள ஆய்வு என்று அனுமதி வாங்கிக்கொண்டு அவள் தரணியின் சைட்டுக்குப் போனாள். கண்ணாடியைப் பதிவில் வைத்துக்கொண்டாள். சிமெண்ட் வாசனை மூக்கில் ஏறியதும், விட்டுப்போன வருஷங்கள் எல்லாம் கோபமாகத் திரண்டு வந்தன. தரணி முன்னால் பியூலாவோடு நடந்தான். கோகிலா பின்னால் நடந்தாள். அவன் பார்த்த இடத்தையெல்லாம் அவளும் பார்த்தாள். அவன் பார்க்காத இடத்தை வெறியோடு பார்த்தாள். அவள் விட்டதை நான் பிடிக்கிறேன், அவள் நம்பியதை நான் நம்பமாட்டேன் என்று மாடி மாடியாக ஏறினாள். அடுத்தடுத்து நான்கைந்து நாள் இப்படியே போய்வந்தாள்.

பிறகு தன் மேசையில் உட்கார்ந்து, வாசலில் ஒரு சின்ன வேலை செய்தாள். சரவணம்பட்டி சைட்டிலிருந்து யார் பியூலாவைக் கேட்டாலும், பியூலாவின் புதிய பதிப்பு என்று சொல்லிக் கோகிலாவின் பதிவைக் கொடுக்கும்படி மாற்றினாள். தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள். செய்து முடித்ததும் வந்த சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பகலிலேயே தரணியிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல்.

"கோகி, நாலாவது மாடி கான்கிரீட்டை நிறுத்திட்டேன். லிப்டுக்குப் பக்கத்துப் பில்லரோட அடில, பூச்சுக்குள்ள பூராவும் தேனடையாட்ட ஓட்டை. காண்ட்ராக்டர் ஆளுங்க மேல மெழுகி மறைச்சிருக்காங்க. அதுக்கு மேல ஆபரேஷன் தியேட்டரு வருது!"

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"நானெங்க கண்டுபிடிச்சேன்? எல்லாம் பியூலா."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தத் தூணடியில் அரைமணி நேரம் மண்டியிட்டுத் தடவியது அவள்தான். அன்றைக்கு அது காய்ந்த பூச்சாகத்தான் இருந்தது. நிறத்தில் ஏதோ பொய் இருப்பதாகத் தோன்றியதே தவிர, மேலே எதுவும் பிடிபடவில்லை. அந்தச் சந்தேகம் பதிவில் இருந்திருக்கிறது; சைட்டில் தினமும் இருக்கிறவன் கையில் சுத்தியலாக மாறியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் அவன் ஓயவில்லை. "இப்பப் புதுசா ஒரு மாதிரி இருக்குது பியூலா. முன்னாடி சந்தேகம் மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப அதுல ஒரு... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உசுரு இருக்குது."

"அப்படீங்களா," என்றாள் கோகிலா. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. தன்னைத்தான் புகழ்கிறான். ஆனால் அந்தப் புகழ் பியூலா வீட்டு வாசலில் போய் இறங்குகிறது. அவள் கண்ணுக்கு அவளே சக்களத்தி ஆகிவிட்டாள்.

கம்பெனி முழுக்கச் செய்தி பரவியது. நிலைக்கல்லின் மேலாளர் விஸ்வநாதன் அவள் மேசைக்கே வந்து, பியூலாவின் புதுப் பதிப்பை எல்லா சைட்டுக்கும் திறந்துவிடப் போவதாகச் சொன்னார். அதை யார் பதிந்தது என்று அவர் கேட்கவில்லை. அவள் சொல்லவுமில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பெயர் போகும். எது பெரிசு என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் அவள் பியூலாவைத் தேடிக்கொண்டு சிங்காநல்லூர் போனாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு முகமாவது வேண்டும் என்றிருந்தது, வெறுப்பதற்கு.

பியூலா ஒரு டைல்ஸ் கடையில் மாதிரிப் பலகைகளை எடுத்துக் காட்டுகிற வேலையில் இருந்தாள். ஒல்லியான உருவம், காதோரம் நரை, பாளையங்கோட்டைப் பேச்சு. நிலைக்கல்லிலிருந்து வருவதாகக் கோகிலா சொன்னாள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து இருவரும் கடைக்குப் பின்னால் டைல்ஸ் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள்.

"உங்களை மாதிரி ஆளு ஏன் இங்க இருக்கீங்க?" என்றாள் கோகிலா.

"எங்க இருக்கச் சொல்லுதிய? எங்கண்ணு கூப்பிட்ட உடனே போகுது. காத்துல வருது, சோறு கேக்கல, லீவு கேக்கல. பொறவு என்னைய எவன் கூப்புடுவான்? ஒரு சைட்டுக்குப் போயி வேலை கேட்டேன். பியூலாதான் ஏற்கெனவே எங்ககிட்ட இருக்காங்களேன்னான் அந்தப் பையன். நாந்தாம் பியூலான்னு சொன்னேன். சிரிச்சான்."

கோகிலாவுக்கு வெறுப்பு வரவில்லை. வரும் என்று நம்பி வந்திருந்தாள்.

"அந்தப் பதிவு ரொம்ப நல்லா வந்திருக்குதுங்க."

"நல்லாவா?" பியூலா சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தாள். "அது எந்த வாரம் எடுத்ததுன்னு தெரியுமா உங்களுக்கு? எங்க வீட்டுக்காரர் மேல எனக்குச் சந்தேகம் விழுந்த வாரம். பக்கத்து வீட்டுப் பொண்ணோட தொடர்புன்னு ஒருத்தி சொல்லிட்டா. அந்த வாரம் நான் கட்டடத்தையா பாத்தேன்? எதைத் தொட்டாலும் அடியில வேற என்னமோ ஒளிஞ்சிருக்குன்னு இருந்துச்சி. சுவரு, கம்பி, அவரு சட்டைப்பை, எல்லாம் ஒண்ணுதான்."

"உண்மைதானுங்களா அது?"

"எது? அந்தப் பொண்ணு விஷயமா? ஒண்ணும் கிடையாது. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. அது தெரிஞ்சப்புறமும் என்னால பாக்காம இருக்க முடியல. அவரு எவ்வளவு நாள்தான் பொறுப்பாரு? போயிட்டாரு. மனசு அடங்கினப்புறம் உங்க கம்பெனில திரும்ப ஒரு தடவை பதிஞ்சாங்க. சாதாரணமாத்தான் வந்துச்சி. வேண்டாம்னுட்டாங்க. அந்தப் பழசத்தான் ஊரெல்லாம் குடுக்காங்க. அழிச்சிருங்கன்னு கேட்டேன். ஒப்பந்தத்துல இடமில்லையாம்."

கோகிலா எழுந்திருக்கப் போனபோது பியூலா சொன்னாள்: "போன மாசம் உங்க ஊருப் பேச்சுப் பேசுத ஒருத்தர் வந்தாரு. தரணின்னு பேரு. கண்ணாடியக் கழட்டுனாலும் இது நிக்க மாட்டேங்குது மேடம், நீங்க எப்படி நிறுத்தினீங்கன்னு கேட்டாரு. லீவு நாள்லயும் எடுத்து மாட்டிக்கிட்டுப் பொண்டாட்டி சாமானை எல்லாம் பாக்காராம். பாவம், அழுதாரு."

பஸ்ஸில் திரும்பும்போது கோகிலாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் பையையா? என் அலமாரியையா? நான் சமையலறையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் நின்று என்னையா? அதன் பின்னால் இன்னொன்றும் வந்தது. அவன் தன்னிடம் அழவில்லை, போய் அவளிடம் அழுதிருக்கிறான். அந்தப் பொறாமை, எல்லாம் தெரிந்த பிறகும் போகாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது.

மறுநாள் காலை தரணியை வீட்டுக்குப் பக்கத்து பேக்கரிக்கு அழைத்துப் போனாள். வீட்டுக்குள் இதைப் பேச அவளுக்கு மனம் வரவில்லை. டீ வந்தது.

"பியூலாவைப் போய்ப் பாத்தீங்களாமா?"

அவன் டீயைக் கீழே வைத்தான். மறுக்கவில்லை.

"உன்ற பையைப் பாத்தேன் கோகி. போனையும் பாத்தேன். ஆபீஸ்ல யார்கூடப் பேசற, ஏன் சிரிக்கற, எல்லாம் சந்தேகமா வந்துச்சு."

"என்ன கெடைச்சுது?"

"ஒண்ணுங் கெடைக்கல. அதுதான் பயமா இருந்துச்சு. நல்லா மெழுகி வெச்சிருக்கறயோன்னு தோணுச்சு."

திட்ட வேண்டும் என்று வந்த எல்லா வார்த்தைகளையும் டீயோடு விழுங்கிவிட்டு, தான் செய்ததை அவள் சொன்னாள். கள ஆய்வு என்று வந்தது பொய் என்றாள். வாசலில் பார்வையை மாற்றியதைச் சொன்னாள். அந்தத் தூணை முதலில் சந்தேகப்பட்டது யார் என்றும் சொன்னாள். தரணி கோபித்து எழுந்து போய்விடுவான் என்று எதிர்பார்த்தாள்.

"அப்ப அந்த ஆளு யாரு?" என்றான்.

"எந்த ஆளுங்க?"

"புது டெம்ப்ளேட்ல ஒவ்வொரு மாடியிலயும் படியேறி வந்ததும், நடைவழியில ஒரு எடம் வருது. சுவரு இல்ல, கம்பி இல்ல, ஒண்ணுமே இல்ல. ஒரு ஆம்பளையோட பிடரி இருக்கற உசரத்துல வெறுங் காத்துல கண்ணு போய் நிக்குது. நின்னா நகர மாட்டேங்குது. மத்த எடமெல்லாம் சந்தேகமாப் பாக்கற கண்ணு, அங்க மட்டும்..." அவன் டீ டம்ளரைத் தள்ளி வைத்தான். "பியூலா சைட்டுல யாரையோ பாத்திருக்காங்கன்னு நெனச்சேன். அந்த ஆளு மேல எனக்குப் பொறாமையா இருந்துச்சு கோகி. என்னைய யாரும் அப்படிப் பாத்ததில்லையேன்னு."

"நான் உங்களுக்குப் பின்னாலதானுங்க நடந்தேன்," என்றாள் கோகிலா. அதற்குமேல் சொல்லத் தேவைப்படவில்லை. தரணி கையை நீட்டினான். மேசைமேல் அது வெறுமனே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் விஸ்வநாதனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். வேலை போகட்டும் என்ற முடிவோடுதான் போனாள். அதற்குள் புதுப் பதிப்பு எல்லா ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. நல்ல செய்திகளும் வரத் தொடங்கியிருந்தன. அதனாலோ என்னவோ அவர் கத்தவில்லை.

"இது ஆளுங்களைச் சந்தேகப் பிராணி ஆக்குதுங்கறீங்க. சரி. ஆனா அந்தப் பில்லர் ஆஸ்பத்திரியோடது கோகிலா. அது மேல படுக்கப்போற நோயாளிகிட்டப் போய், ரெண்டு வீட்ல சண்டை வரும், அதனால நாங்க அதைக் கண்டுபிடிக்கலைன்னு சொல்ல முடியுமா?"

வாசலில் இரண்டு பூட்டு மட்டும் போடுகிறேன் என்றாள். சைட்டின் எல்லையைத் தாண்டினால் டெம்ப்ளேட் வரக் கூடாது. வேலை நேரம் முடிந்தால் வரக் கூடாது. அவர் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவதாக ஒன்றையும் அவள் செய்தாள், யாரிடமும் கேட்காமல். பியூலாவின் பழைய பதிவை அழிக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. ஆனால் யார் எங்கிருந்து கேட்டாலும் அது போகாமல் பார்த்துக்கொள்ள வாசல்காரியால் முடியும். பியூலா என்ற பெயரில் இனி எப்போதும் கோகிலாவின் கண்தான் போகும். தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் ஆசை ஒரு கணம் வந்தது. போட்டால் பழையது தனியாக நிற்கும். யாராவது ஒருநாள் அதைக் கேட்பார்கள். பெயரை விட்டுவிட்டாள்.

பியூலாவுக்கு சைட் வேலை எதுவும் கிடைத்துவிடவில்லை. கோகிலா போனில் செய்தியைச் சொன்னாள். "இன்னைக்குக் கடையில சாஞ்ச ரேக்கு ஒண்ணைப் பாத்தேன். சும்மா பாத்தேன். அடியில எதையும் தேடல. அவ்வளவுதாம்," என்றாள் பியூலா. தரணி சாயங்காலங்களில் கண்ணாடியை சைட்டிலேயே வைத்துவிட்டு வந்தான். ஆனாலும் ஏதாவது ஒரு நேரம் அவன் கண் கோகிலாவின் கைப்பையின் பக்கம் போய்த் திரும்பும். அவள் அதைப் பார்ப்பாள். அவள் பார்த்ததை அவனும் பார்ப்பான்.

அடுத்த வாரம் ஓசூரிலிருந்து போன் வந்தது. இளம் வயதுக் குரல்.

"மேடம், பியூலா டெம்ப்ளேட்ல ஒரு டவுட்டு. எல்லா மாடியிலயும் ஒரு இடத்துல நிறுத்திடுது மேடம். எதிர்ல ஒண்ணுமே இல்ல, வெறும் காத்து. எங்க சீனியர் ரெண்டு பேரும் அங்க வந்தா நின்னுடறாங்க. ஒருத்தர் நேத்து அங்க இருந்தே அவங்க வீட்டுக்குப் போன் பண்ணிட்டாரு. அது ஏதாச்சும் பிழையா மேடம்?"

எடுத்துவிடுவது சுலபம். ஒரு சின்னத் திருத்தம் போதும். கோகிலா திரையைப் பார்த்தாள். ஊர் ஊராகக் கேள்விகள் வரிவரியாக உள்ளே வந்துகொண்டிருந்தன.

"பிழை இல்லீங்க."

"அப்ப அங்க என்ன மேடம் செக் பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க," என்றாள் கோகிலா. "கொஞ்ச நேரம் நில்லுங்க. பொறகு மேல போங்க."